கையில் புண் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது

1

என் தங்கை ராணியின் வேலையைப் பறித்தது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஷெட் முதலாளி பறித்தார், ஏஜெண்ட் பறித்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். அவர்கள் உங்கள் சொல்லுக்கு ஆடுகிறவர்கள். சொன்னது நீங்கள்.

நான் 'நீங்கள்' என்று சொல்வது, பெல்ஜியத்தில் நான் வேலை செய்யும் குளிர்க் கிடங்கின் மாடியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியை. கீழே நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மகள் இதை மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதை அவருக்கும் அவருடைய கம்பெனிக்கும் அனுப்பப் போகிறேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அச்சில் வராது. அவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் குளச்சல்காரன். கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். என் மனைவி ஜெசி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். மகள் அனிட்டா சட்டம் படிக்கிறாள். ராணி என் ஒரே தங்கை. ஊரில் இறால் உரிக்கும் பீலிங் ஷெட்டில் வேலை பார்த்தாள். அந்த வேலை போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

2

கிடங்குக்குள் எப்போதும் உறைபனிக் குளிர். தடித்த கோட்டு, கையில் கம்பளி உள்ளுறை, அதற்குமேல் இன்னொரு உறை. கொஞ்ச நேரம் உள்ளே நின்றால் வெளியே வந்து சூடு பிடிக்க வேண்டும். அது சட்டம். நான் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் வந்து சத்தம் போடுவார். என் விரல் மரத்துப்போனால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், கம்பெனி பதில் சொல்ல வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஒரு விரலுக்கு இத்தனை பேரா என்று ஜெசியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

உலகத்தின் இறால் எல்லாம் இந்தக் கிடங்குக்கு வருகிறது. பெட்டியின் மேல் எந்தக் கம்பெனி உறைய வைத்தது என்று எண் இருக்கும். ஒரு நம்பர் எனக்கு மனப்பாடம். ராணியின் ஷெட் உரித்துக் கொடுப்பது அந்தக் கம்பெனிக்குத்தான். அந்த எண் உள்ள பெட்டி வந்தால் நான் மெதுவாக இறக்குவேன். பைத்தியக்காரத்தனம்தான். அதில் அவள் உரித்தது எது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு வருடத்துக்கு முன் அந்த எண் உள்ள ஒரு கண்டெய்னரைத் தனியே ஒதுக்கி சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆன்டிபயாடிக். உணவில் துளியும் இருக்கக் கூடாது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் இங்குள்ள மெஷின் பிடித்துவிடும். மொத்தத்தையும் எரிக்க வேண்டும்.

அன்று ராணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"ஏட்டி ராணி, ஒங்க றாலுல மருந்து இருக்காம். எரிக்கப் போறானுவ."

"என்ன மருந்து?"

"ஆன்டிபயாடிக்காக்கும்."

"கடல்ல கெடக்க றாலுக்கு எவன் போய் ஊசி போட்டான்? ஒனக்க வெள்ளக்காரனுக்கு வட்டு பிடிச்சிருக்கு அண்ணா, போய் ஆஸ்பத்திரில காட்டச் சொல்லு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். பண்ணையில் வளர்க்கும் இறால் என்றால் மருந்து போட்டிருப்பார்கள். இது வலையில் பிடித்தது. கடலில் மருந்து எங்கிருந்து வரும்?

மருந்து அவள் விரலில் இருந்து வந்தது.

3

இறால் உரிக்கிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை இழுக்க வேண்டும். இறாலின் தலையில் ஒரு கொம்பு உண்டு, ஊசி மாதிரி. அது குத்தும். இறாலில் இருந்து வடியும் நீர் தோலைத் தின்னும். இடையிடையே குளோரின் கலந்த தண்ணீரில் கையை முக்க வேண்டும். கொஞ்ச நாளில் விரல் நுனி வெளுத்து, ஊறி, தோல் உரிந்துவிடும். இறாலை உரிக்கிறவளையும் இறால் உரிக்கும்.

கையுறை இல்லையா என்று என் மகள் கேட்டாள். இருக்கிறது. ஆனால் கூலி எடைக்கு. கையுறை போட்டால் இறால் வழுக்கும், பக்கத்தில் இருக்கிறவள் இரண்டு தட்டு உரிக்கும்போது இவள் ஒன்றுதான் உரிப்பாள். அதனால் யாரும் போடமாட்டார்கள். வெளியில் இருந்து ஆள் பார்க்க வரும் நாளில் மட்டும் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்.

ராணி சோற்றை ஸ்பூனால் தின்பாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் ஸ்பூனைத் தொட்டதில்லை. மீன் குழம்பின் மிளகு விரலில் பட்டால் அவளுக்கு உயிர் போகும். பிள்ளைகள் "தொரசாணி, தொரசாணி" என்று கேலி செய்வார்கள். "ஆமாடே, நான் லண்டன்ல பொறந்தவ" என்பாள். கொரோனா காலத்தில் கோயிலில் நற்கருணையைக் கையில்தான் வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். அவள் வரிசையில் போகாமல் பின்னால் நின்றுவிட்டாள். அந்தக் கையில் எப்படி வாங்குவது என்று அம்மாவிடம் சொன்னாளாம். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவள் பின்னால் நின்றாள்.

இந்தக் கைக்கு ஒரு மருந்து கிடைத்தது. ஷெட்டில் ஒருத்தியின் குழந்தைக்குக் கண் வலித்தபோது மெடிக்கலில் மஞ்சள் முத்து மாதிரி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அல்ல, உள்ளே களிம்பு. முனையில் ஒரு காம்பு இருக்கும். அதைக் கிள்ளிப் பிதுக்கினால் ஒரு சொட்டு வரும், கண்ணில் போட வேண்டும். மிச்சம் இருந்ததை அவள் விரலில் தடவிப் பார்த்தாள். புண் காய்ந்தது. ஷெட் முழுவதும் அந்த முத்துதான் அதற்குப் பிறகு. விலை மலிவு, சீட்டு வேண்டாம், மடியில் முடிந்துகொண்டு வரலாம். படித்தவர்கள் சிரிக்கலாம். கண்ணில் போடுகிற மருந்து கையை என்ன செய்துவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள். கண்ணைவிடக் கை மென்மையானதா?

ஜெசியிடம் இதைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்தாள்.

"அய்யோ, அந்தப் பச்சப் புண்ணுலயா வச்சாளுவ? அது லேசுப்பட்ட மருந்து இல்ல. அபூர்வமா சில பேருக்கு ஒடம்புல ரத்தம் ஊறுறதையே நிறுத்திப்போடும். அதுனாலதான் திங்கிற சாதனத்துல தடை போட்டுருக்கான்."

அதனால் இதையும் எழுதுகிறேன். இங்குள்ளவர்கள் அந்த இறாலை எரித்தது சரி. என் மகள் தின்கிற தட்டில் அது வரக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். என் கோபம் அதில் இல்லை. தின்கிறவருக்கு ஒரு துளியின் துளி ஆபத்து என்றால், முத்து முத்தாகத் திறந்த புண்ணில் தேய்த்தவளுக்கு எவ்வளவு ஆபத்து? இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு ஆளைக் காட்டுங்கள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் காட்டுங்கள். இறாலுக்குப் பரிசோதனை நடந்தது. கடைசியில் ஜெசிதான் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ராணிக்கு ரத்தம் பார்க்க வைத்தாள். நல்ல வேளை, ஒன்றும் இல்லை.

4

மாடி அதிகாரி இங்கிருந்து கேள்வி அனுப்பினார். ஏற்றுமதிக் கம்பெனி ஷெட்டுக்கு ஆள் அனுப்பியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், சொன்னால்தான் சரிசெய்ய முடியும் என்றாளாம். ராணி முன்னால் வந்தாள். கையை நீட்டிக் காட்டி, மடியில் இருந்த முத்தையும் எடுத்துக் கொடுத்தாள். கை எதனால் இப்படி ஆகிறது என்றும் சொன்னாள். சரிசெய்யப் போகிறார்கள் என்று நம்பினாள்.

அன்று மத்தியானமே கையில் புண் உள்ளவர்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். கை ஆறினால் வா என்றார்கள். வேலை இல்லாததால் கை ஆறியது. திரும்பப் போனாள். மற்றவர்களை எடுத்துக்கொண்டார்கள், அவளை எடுக்கவில்லை. ஷெட்டுக்கு வேனில் ஆள் கூட்டிப்போகும் ஏஜெண்ட் சொன்னது இது:

"ஒனக்கு மருந்துக்காரின்னு பேரு வந்துட்டு. ஒன்ன எடுத்தா கம்பெனிக்காரன் ஷெட்டுக்குச் சரக்கே தரமாட்டான். வேற எடம் பாரு."

வேறு ஷெட்களுக்கும் அந்தப் பெயர் போயிருந்தது. நான் ஃபோனில் கத்தினேன்.

"எல்லாவளும் போட்டாளுவல்லியா? நீ மட்டும் எதுக்கு முந்திப் போய்ப் பறஞ்ச?"

"கேட்டாவ, சொன்னேன். பொய் சொல்லச் சொல்லுகியா?"

"மத்தவளுவ வாயில என்ன கொழுக்கட்டையா இருந்து?"

"அவளுவளக் கொற சொல்லப்படாது அண்ணா. பிள்ளையளு இருக்கு."

"ஒனக்கு இல்லியா?"

அவள் கணவன் விசைப்படகில் போகிறவன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வந்தாலும் ஒவ்வொரு தடவையும் கையில் ஏதாவது கொண்டுவருவான் என்று சொல்ல முடியாது. அவள் கூலியில்தான் வீடு ஓடியது.

5

கிடங்குக் கேண்டீனில் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். கேக் வைத்திருந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த சரக்கு மறுபடி வரப்போகிறது, குறை சரிசெய்யப்பட்டது என்று மாடி அதிகாரி பேசினார். திரையில் படம் போட்டார். அது ராணியின் ஷெட். கழுவிவிட்ட மேசை, கையுறை போட்ட பெண்கள், வாசலில் புதிதாக ஒரு போர்டு. அதைக் காட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இது உங்கள் மொழிதானே? என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லுங்களேன்."

என் டச்சு மொழி ஓட்டை. இத்தனை வருடம் ஆகியும் கடையில் கேட்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இது சின்ன வாக்கியம். படித்துச் சொன்னேன். கையில் புண் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது.

கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள், நன்றாகப் படித்தேன் என்று. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டிக் கேக் கொடுத்தார்.

நான் உட்காரவில்லை. "அந்தப் புண் எப்படி வந்தது?" என்று கேட்டேன். அதுவும் சின்ன வாக்கியம்தான், தப்பில்லாமல்தான் கேட்டேன். அதிகாரி கெட்டவர் அல்ல. முகம் சுளிக்கவில்லை. மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: "அது அந்த நாட்டின் தொழிலாளர் சட்டம் சம்பந்தப்பட்டது. எங்கள் பொறுப்பு பொருளின் பாதுகாப்பு மட்டும்."

உங்கள் பொறுப்பு கடல் தாண்டிப் போய், ஷெட்டுக்குள் நுழைந்து, மேசையைக் கழுவி, ஒருத்தியின் மடியில் இருந்த கண் மருந்தைக் கேட்டு வாங்கி, வாசலில் தமிழில் போர்டு வைத்தது. விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் வேறு நாடு என்று நின்றுவிட்டது. இதை அங்கேயே சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. டச்சில் எனக்குக் கோபம் வராது. தமிழில்தான் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

6

அனிட்டா வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவிட்டது. பேசினாலும் ஊருக்குப் போன டூரிஸ்ட் மாதிரி இருக்கும். ஆனால் அன்று ராத்திரி அவளும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தை அவள் படித்து எனக்கு விளக்கினாள். ஒரு நாடு வெளியில் இருந்து வரும் உணவைத் தடுக்கலாமாம். எதற்காக? தன் எல்லைக்குள் இருக்கும் மனிதர், விலங்கு, செடி இவற்றின் உயிரையும் உடம்பையும் காப்பதற்காக.

"எல்லைக்குள்ளயா?"

"ஆமா அப்பா. அந்த விதி அப்பிடித்தான். பெல்ஜியம் பெல்ஜியத்துல உள்ளவங்களுக்குத்தான் பாக்கும்."

"அப்ப இஞ்ச நிக்கிற செடிக்கு உள்ள பாதுகாப்பு ஒங்க அத்தைக்கு இல்ல. அதானே?"

"நான் எழுதலப்பா அத! ஏன் எங்கிட்ட கத்துறீங்க?"

இன்னொரு பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். சிறைக் கைதிகள் செய்த பொருளை ஒரு நாடு தடுக்கலாம். ராணி ஜெயிலில் இருந்து உரித்திருந்தால் அவளைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கும். கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் தடுக்கப் புதிதாக ஒரு சட்டம் இங்கே வருகிறது என்றும் அனிட்டா சொன்னாள். அதுவும் ராணிக்கு ஆகாது. அவளை யாரும் கட்டிப்போடவில்லை. அவளாக வேன் ஏறிப் போனாள். இப்போதும் கூப்பிட்டால் போவாள்.

நாடுகள் இப்போது போடும் ஒப்பந்தங்களில் தொழிலாளிக்கு என்று தனி அத்தியாயமே இருக்கிறதாம். ஆனால் பலவற்றில் அதை மீறினால் வரி கூட்ட முடியாது, சரக்கை நிறுத்த முடியாது. உட்கார்ந்து பேசலாம். அறிக்கை எழுதலாம். இறாலில் மருந்து இருந்தால் எரிக்கிறார்கள். கையில் புண் இருந்தால் பேசுகிறார்கள்.

"அப்ப நாம இந்த இறால வாங்கக் கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்றேன். காலேஜ்ல ஒரு கேம்பெய்ன் பண்ணலாம்" என்றாள் மகள். அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னாள். அப்போதே வீடியோ காலில் ராணியைக் கூப்பிட்டு அவளிடமே சொல்லச் சொன்னேன். அங்கே விடியும் நேரம்.

ராணி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்க மக்கா, நீ திங்காத இருந்தா எனக்கு வேல கிட்டுமா? இப்ப உள்ளே நிக்கிற அம்பிட்டு பேருக்கும் உள்ளதும் போவும். நீ நல்லா தின்னு. தின்னுட்டு, உரிச்சவளுக்கக் கையக் காட்டுங்கன்னு கேளு."

அனிட்டா அழுதாள். எனக்கு அவள் அழுதது பிடித்தது. இந்த ஊர்ப் பிள்ளையாக ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாயிற்று. இங்குள்ள கம்பெனியின் வலைத்தளத்தில் புகார் சொல்ல ஒரு பக்கம் உண்டு. பாதிக்கப்பட்டவர் தன் பணியாளர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ராணிக்கு எண் கிடையாது. அவள் ஏஜெண்டின் ஆள். நான் எண் இல்லாமல் அனுப்பினேன். முழுமையற்ற புகார் என்று பதில் வந்தது.

ஊரில் தொழிலாளர் அலுவலகத்துக்கு ராணியே போனாள். அங்கே இருந்தவர் கேட்டாராம்:

"நீ எந்தக் கம்பெனி ஆளு?"

"ஷெட்டு ஆளு சார்."

"ஷெட்டு முதலாளி நீ அவருக்க ஆளு இல்லேங்காரு. ஏஜெண்ட், நான் வேன் மட்டும்தான் ஓட்டுகேன்னு எழுதிக் குடுத்திருக்கான். அப்ப நீ ஆருக்க ஆளு?"

"நான் றாலு உரிச்சது நெசம் சார். அத ஒருத்தன் தின்னான்லா? அவனுக்க ஆளுன்னு எழுதும்."

அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். நல்ல மனிதர். ஒன்றும் நடக்கவில்லை.

நம்முடைய அரசையும் சும்மா விட முடியாது. இறால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆய்வுக்கூடம் கட்டினீர்கள், சான்றிதழ் கொடுத்தீர்கள். தொழிலாளி விஷயத்தை ஒப்பந்தத்தில் கொண்டுவராதே, அது எங்கள் உள்விவகாரம் என்று வெளிநாட்டுக்காரரிடம் வீறாப்பாகப் பேசுகிறீர்கள். உள்விவகாரம் என்றால் உள்ளே வந்து பாருங்கள். பீலிங் ஷெட்டுக்குள் வாருங்கள்.

இதை எழுதினால் என் வேலை போகலாம். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். ஜெசியிடம் கேட்டேன். அவள் இரவு டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எழுதுங்க. ஆனா கத்தாத எழுதுங்க. கத்தினா ஒரு பயலும் படிக்கமாட்டான்" என்றாள். கத்தாமல் எழுதத்தான் பார்த்தேன்.

அந்தப் போர்டு இன்னும் அங்கே இருக்கிறதாம். புண் உள்ளவர்கள் வாசலில் கையுறை போட்டுக்கொண்டு நுழைகிறார்கள், உள்ளே போய்க் கழற்றுகிறார்கள். கண் மருந்து கிடையாது. படிகாரத் தண்ணீரில் விரலை முக்குகிறார்கள். எரியும். ஆனால் மெஷினில் தெரியாது. உங்கள் கணக்கில் எல்லாம் சரியாகிவிட்டது. ராணி வீட்டில் இருக்கிறாள். கை முழுசாக ஆறிவிட்டது. மறுபடி அந்த வேலையைக் கேட்கிறாள். வேறு வேலை இல்லை.

மாடியில் இருப்பவரே, என்னை அறைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து விளக்க வேண்டாம். ராணிக்கும் தனியாக எதுவும் அனுப்ப வேண்டாம். மருந்து இருந்தால் வாங்கமாட்டோம் என்று ஒரு கடிதத்தில் அந்த ஷெட்டை மாற்ற உங்களால் முடிந்தது. கையுறையோடு உரித்தாலும் வயிறு நிறையும் அளவுக்குக் கூலி கொடுக்காத ஷெட்டில், உண்மை சொன்னவளை விரட்டிய ஷெட்டில் வாங்கமாட்டோம் என்று இன்னொரு கடிதம் எழுத உங்களால் முடியுமா, முடியாதா? முடியாது என்றால் எந்தச் சட்டத்தின் எந்த வரி உங்களைத் தடுக்கிறது? உங்கள் வலைத்தளத்தின் முதல் பக்கத்தில், உங்கள் பெயர் போட்டு, டச்சிலும் தமிழிலும் பதில் எழுதுங்கள். நம் அரசின் சார்பில் ஒப்பந்த மேசையில் உட்காருகிறவர்களுக்கும் இதே கேள்விதான். நீங்கள் இந்தப் பத்திரிகையிலேயே எழுதலாம். ராணி படிப்பாள். ஷெட்டில் நிற்கிற பெண்களுக்கும் படித்துக் காட்டுவாள்.